தெறிப்புச் சேதம்: அடித்தவருக்கே திரும்பும் அடியின் கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனைக் குறுக்குத் தெருக்களிலும் இருந்து இணைய விளையாட்டுகளில் இறங்கும் நம்மவர்கள் ஓயாமல் சண்டை பிடிக்கும் விடயம் ஒன்று உண்டு. எதிரியை அடிக்கிறோம், அந்த அடியில் ஒரு பங்கு நமக்கே திரும்பி வருகிறது. அந்தப் பங்கு எப்படிக் கணிக்கப்படுகிறது? ரிஃப்ளெக்ட் என்று ஆடுபவர்கள் சொல்வதை இங்கே தெறிப்புச் சேதம் என்று எழுதுகிறேன். உதாரணங்கள் பல விளையாட்டுகளில் இருந்து வருகின்றன. ஒரே விளையாட்டின் எண்களை மனப்பாடம் செய்வதில் எனக்கு ஆர்வமில்லை. அவை அடுத்த புதுப்பிப்பில் மாறிவிடும். தேவையான கணிதம் சாதாரண தரத்தைத் தாண்டாது.

தெறிப்புச் சேதத்தில் எத்தனை வகை?

கணக்கைப் பொறுத்தவரை மூன்று.

முதலாவது, அடியின் சதவீதம். 2000இல் வெளிவந்த டையப்ளோ 2இல் பாலடின் பாத்திரத்துக்கு உள்ள தோர்ன்ஸ் என்ற திறன் முதல் நிலையிலேயே 250 சதவீதத்தைத் திருப்பியது. நூறு அடித்தால் இருநூற்றைம்பது திரும்பும்.

இரண்டாவது, அடி பெரிதோ சிறிதோ ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்டில் ட்ரூயிட் பாத்திரத்தின் பழைய தோர்ன்ஸ் இந்த வகை.

மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதில்லை: அடித்தவரின் உயிர்ப்புள்ளியில் (பாத்திரத்தின் உயிரளவு; பூச்சியமானால் கதை முடிந்தது) ஒரு பின்னம். போக்கிமொனில் ராக்கி ஹெல்மெட் அணிந்த ஒன்றை உடலால் தொட்டு அடித்தால், தொட்டதன் முழு உயிர்ப்புள்ளியில் ஆறிலொரு பங்கு போய்விடும். எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்பது அங்கே பொருட்டே இல்லை.

இவை கலந்தும் வரும். “20 உடன் அடியின் 25 சதவீதம்” என்பது போன்ற விளக்கங்கள் முதல் இரண்டின் கலவை.

“25 சதவீதம் தெறிக்கும்” என்று பொருளின் விளக்கத்தில் இருக்கிறது. நான் 400 அடித்தேன். 100 அல்லவா வரவேண்டும்? ஏன் 37 மட்டும் வந்தது?

இந்தப் பக்கத்தின் உயிர்க்கேள்வி இதுதான். 25 சதவீதம் என்பதில் பிழையில்லை. எதன் 25 சதவீதம் என்பதைத்தான் விளக்கம் சொல்லாமல் விட்டுவிட்டது.

உங்கள் வாளில் இருந்து 400 புறப்படுகிறது. எதிரியின் கவசம் அதில் ஒரு பகுதியைத் தின்கிறது. லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம்: 100ஐ, 100 கூட்டல் கவசத்தால் வகுத்தால் வரும் பின்னமே உள்ளே போகும் அடி. எதிரியின் கவசம் 100 என்றால் பாதி, அதாவது 200 மட்டும் அவருடைய உயிர்ப்புள்ளியில் விழுகிறது. இப்போது 25 சதவீதம் எடுக்க இரண்டு இடங்கள் உள்ளன. கவசத்துக்கு முன் எடுத்தால் 100. கவசத்துக்குப் பின் எடுத்தால் 50.

அதோடு முடியவில்லை. திரும்பி வரும் அடி உங்கள் கவசத்தையும் சந்திக்கலாம், சந்திக்காமல் நேரே உயிர்ப்புள்ளியில் இறங்கலாம். உங்கள் கவசம் 35 என்று வைத்துக்கொண்டால், 100ஐ 135ஆல் வகுக்கும்போது ஏறத்தாழ 0.74 வரும். ஆக, ஒரே 400 அடிக்கு, ஒரே 25 சதவீதத்துக்கு, நான்கு விடைகள் இருக்கின்றன: கவசத்துக்கு முன் எடுத்து உங்கள் கவசத்தைத் தொடாமல் வந்தால் 100; முன் எடுத்து உங்கள் கவசத்தில் குறைந்தால் 74; பின் எடுத்துக் குறையாமல் வந்தால் 50; பின் எடுத்துக் குறைந்தும் வந்தால் 37.

உங்களுக்கு 37 வந்திருக்கிறது. எனவே அந்த விளையாட்டு, எதிரியின் கவசத்துக்குப் பிறகான அடியில் சதவீதம் எடுத்து, அதை உங்கள் கவசத்தின் வழியாக அனுப்புகிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சோதிக்கும்போது இருவரும் 100 கவசம் அணிந்திருந்தால் நடு இரண்டு விடைகளும் 50 ஆகிவிடும்; எது எது என்று பிரிக்க முடியாது. சோதனைக்கு எப்போதும் வேறுபட்ட கவச அளவுகளைத் தெரிவு செய்யுங்கள். பாதிச் சண்டைகள் இந்த ஒரு கவனக்குறைவால் வருகின்றன.

முன் எடுத்தால் என்ன, பின் எடுத்தால் என்ன? வித்தியாசம் அவ்வளவு பெரிதா?

பெரிது. எந்தப் பொருளை வாங்குவது என்பதையே அது தீர்மானிக்கிறது.

உங்களிடம் 3000 உயிர்ப்புள்ளி, 100 கவசம், 25 சதவீதத் தெறிப்பு. எதிரி உங்களைக் கொல்லும்வரை அடிக்கிறார். கவசத்துக்குப் பின் எடுக்கும் விளையாட்டில், நீங்கள் சாகும்வரை வாங்கக்கூடிய மொத்தம் 3000. அதில் 25 சதவீதம் 750. கவசத்தை 200 ஆக்கினாலும் 300 ஆக்கினாலும் அந்த 750 அசையாது. நீங்கள் அதிக நேரம் உயிரோடு இருப்பீர்கள், அவ்வளவுதான். திருப்பிக் கொடுக்கும் மொத்தம் கூடாது. கூட்ட வேண்டுமானால் உயிர்ப்புள்ளியை வாங்க வேண்டும்.

முன் எடுக்கும் விளையாட்டில் கதை வேறு. உங்களைக் கொல்ல எதிரி வாளில் இருந்து 6000 புறப்பட வேண்டும். அதில் 25 சதவீதம் 1500. கவசத்தை 200 ஆக்கினால் 9000 புறப்பட வேண்டும், 2250 திரும்பும். இங்கே நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கவசப் புள்ளியும் ஆயுதமாகவும் வேலை செய்கிறது.

ஒரே வாசகம் எழுதப்பட்ட இரண்டு பொருட்கள், இரண்டு விளையாட்டுகளில், எதிரெதிரான துணைப்பொருட்களைக் கேட்கின்றன. கடையில் எதை வாங்குவது என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: முன்னா, பின்னா?

திரும்பி வரும் அடி எந்த வகைச் சேதம்?

விளக்கத்தில் தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும். லீக் ஒஃப் லெஜன்ட்ஸில் தோர்ன்மெயில் என்ற பொருள் திருப்புவது மந்திரச் சேதம். அதை அடிக்கிறவர் வழக்கமாக வில்லாளியோ வாள்வீரரோ. அவர் வாங்கி வைத்த கவசம் இங்கே உதவாது, மந்திர எதிர்ப்புத்தான் உதவும். டோட்டா 2இல் பிளேட் மெயில் என்ற பொருள், வந்த அடி எந்த வகையோ அதே வகையில் திருப்புகிறது: மந்திரம் மந்திரமாக, எதிர்ப்பு எதுவும் தடுக்காத தூய சேதம் தூய சேதமாகவே. தூய சேதத்தை நம்பி விளையாடும் பாத்திரங்கள் பிளேட் மெயில் இயங்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

எதை அடியாக எண்ணுகிறார்கள் என்பதும் இதே தலைப்புக்குள் வரும். தோர்ன்மெயில் சாதாரண அடிகளுக்கு மட்டும் பதில் சொல்லும், திறன்களுக்கு இல்லை. டையப்ளோ 2இன் தோர்ன்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் அடிப்பவர்களை மட்டும் கண்டுகொள்ளும். தூரத்தில் நின்று அம்பு விடுகிறவர் தப்பிவிடுவார். ராக்கி ஹெல்மெட், உடல் படும் தாக்குதல்களுக்கு மட்டும். நிலநடுக்கம் உடல்படாத் தாக்குதல் என்பதால் அதற்குத் தண்டனை இல்லை.

அண்ணா, நான் அடித்ததைவிடக் கூடுதலாக எனக்குத் திரும்பி வந்தது. எதிரி ஏமாற்று மென்பொருள் வைத்திருக்கிறாரா?

தம்பி, முறைப்பாடு அனுப்புவதற்கு முன் மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒன்று, சதவீதம் நூறைத் தாண்டலாம். போக்கிமொனில் கவுண்டர் என்ற தாக்குதல் வாங்கியதை இரண்டு மடங்காகத் திருப்புகிறது, மெட்டல் பர்ஸ்ட் ஒன்றரை மடங்காக. இரண்டு, நிலையான பகுதி இருந்தால் சிறு அடிகளுக்கு அது அடியையே மிஞ்சிவிடும். மூன்று, கவசத்துக்கு முன் எடுக்கும் விளையாட்டில், உங்கள் திரையில் தெரிவது கவசத்துக்குப் பின்னான சிறிய எண். திரும்பி வருவது பெரிய எண்ணின் பங்கு. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை வாசிக்கப்படாத விளக்கங்கள்.

கணக்கை நானே கண்டுபிடிப்பது எப்படி?

உங்களோடு பொறுமையான ஒரு நண்பர் வேண்டும். அல்லது பயிற்சிக் களம் போதும்: டோட்டா 2இலும் லீக் ஒஃப் லெஜன்ட்ஸிலும் தனியாகச் சோதிக்க வசதி உள்ளது. உண்மையான ஆட்டத்தில் அளக்க முயலாதீர்கள். பத்துப் பேர் நடுவே எந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது.

முதலில் இரைச்சலை நீக்குங்கள். தானாக உயிர்ப்புள்ளி ஏறுவது, இரட்டிப்பு அடி, அடித்தால் உயிர் உறிஞ்சுவது, ஒவ்வோர் அடியும் ஓர் எல்லைக்குள் ஏறி இறங்குவது ஆகிய எல்லாவற்றையும் நிறுத்துங்கள், அல்லது அவை இல்லாத பாத்திரத்தைத் தெரிவு செய்யுங்கள். முடிந்தால் அடிக்கிறவரின் கவசத்தைப் பூச்சியமாக்குங்கள். பிறகு அடியின் அளவை மட்டும் மாற்றி, திரும்பி வந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்.

100 அடித்தால் 45 திரும்பியது, 200 அடித்தால் 70, 400 அடித்தால் 120 என்று வைத்துக்கொள்வோம். வரைபுத் தாளில் கிடையச்சில் அடி, நிலைக்குத்தச்சில் தெறிப்பு. மூன்று புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் விழும். அடி 100 கூடும்போது தெறிப்பு 25 கூடுகிறது. எனவே படித்திறன் 0.25. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் நிலைக்குத்தச்சை 20இல் வெட்டும். படித்திறன்தான் சதவீதம், வெட்டுத்துண்டுதான் நிலையான பகுதி. “20 உடன் 25 சதவீதம்” என்ற சூத்திரம் அகப்பட்டுவிட்டது.

மூன்று புள்ளிகள் ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். எந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் ஒரு நேர்கோடு போகும். அது எதையும் நிரூபிக்காது. மூன்றாவது புள்ளி அதே கோட்டில் விழுந்தால்தான் இது நேர்கோட்டுச் சூத்திரம் என்று சொல்லலாம். கோடு ஓரிடத்தில் மட்டமாகிவிட்டால் உச்சவரம்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. தொடக்கம் முதலே மட்டமாக இருந்தால், அதாவது படித்திறன் பூச்சியமாக இருந்தால், தெறிப்பு உங்கள் அடியைப் பார்க்கவே இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு அடியை 400இல் நிறுத்திவிட்டு எதிரியின் கவசத்தை மாற்றுங்கள். தெறிப்பு மாறாவிட்டால் முன். கவசம் கூடத் தெறிப்புக் குறைந்தால் பின். கவசம் கூடத் தெறிப்பும் கூடினால் அந்தப் பொருள் அணிந்தவரின் கவசத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறது. கடைசியாக அடித்தவரின் கவசத்தை மாற்றுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற விதியை யாரும் மறுப்பதில்லை. பத்து நிமிடம் கழித்து யாரும் பின்பற்றுவதும் இல்லை.

எந்தக் கழிவு முதலில் நடக்கிறது என்பது முக்கியமா?

பெருக்கல்கள் மட்டும் இருந்தால் இல்லை. கழித்தல் ஒன்று நுழைந்தால் உண்டு. காலி வீதி உணவகத்தில் ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டு, 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் சேர்த்தால், எந்த வரிசையில் பெருக்கினாலும் 1298தான். ஆனால் நூறு ரூபாய் கழிவுச் சீட்டு ஒன்றை நீட்டினால், முதலில் கழித்தால் ஏறத்தாழ 1168, கடைசியில் கழித்தால் 1198.

விளையாட்டிலும் அப்படியே. டோட்டா 2இல் வான்கார்ட் போன்ற பொருட்கள் அடியில் இருந்து ஒரு நிலையான அளவைக் கழிக்கின்றன. 200 அடியில் 50 கழிவும் பாதிக் கவசமும் இருந்தால், கழிவு முதலில் என்றால் 75 உள்ளே போகும். கவசம் முதலில் என்றால் 50. தெறிப்பு எந்தக் கட்டத்தில் எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து இன்னும் இரண்டு விடைகள் கிளைக்கும். உங்கள் அளவீடு எந்தச் சூத்திரத்துக்கும் பொருந்தாமல் அடம் பிடித்தால், முதலில் நிலையான கழிவு ஒன்றைத் தேடுங்கள்.

தசமங்கள் எங்கே போகின்றன?

பல விளையாட்டுகளில் குப்பைக்கு. சேதத்தை நிறைவெண்ணாக வைத்திருக்கும் விளையாட்டுகளில் வட்டமாக்கும் விதி, சூத்திரத்தின் பாதி.

இதற்கு என்னுடைய விருப்பமான உதாரணம் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். அங்கே ரிங் ஒஃப் ரிகொயில் என்ற மோதிரம் இருக்கிறது. நீலக்கல் மோதிரத்துக்கு மந்திரமேற்றிச் செய்வது. வாங்கிய அடியின் 10 சதவீதத்தைக் கீழ்நோக்கி வட்டமாக்கி, அதோடு 1 கூட்டித் திருப்பும். 47 வாங்கினால் 4.7 என்பது 4 ஆகி, ஒன்று கூட்டி 5. “பத்து சதவீதம்” என்று மட்டும் நினைத்திருப்பவர் சிறு அடிகளைப் பார்த்தால் திகைத்துப்போவார்: 1 அடிக்கு 1 திரும்புகிறது, அது நூறு சதவீதம். 9 அடிக்கும் 1தான். 10 ஆனதும் 2. சூத்திரம் படிக்கட்டு போல ஏறுகிறது. வரைபில் நேர்கோடு வராது.

அந்த மோதிரம் மொத்தம் 40 சேதம் திருப்பியதும் உடைந்துவிடும். எத்தனை அடி தாங்கும் என்பது அடியின் அளவைப் பொறுத்தது: 9, 9 ஆக வாங்கினால் நாற்பது அடி; 30, 30 ஆக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 4 திரும்பி, பத்தே அடியில் தீர்ந்துவிடும்.

அதே விளையாட்டில் வெஞ்சன்ஸ் என்ற மந்திரம் அடுத்த அடியின் 75 சதவீதத்தைக் கீழ்நோக்கி வட்டமாக்கித் திருப்பும். 47க்கு 35.25, ஆகவே 35. மோதிரமும் அணிந்திருந்தால் 35உம் 5உம் சேர்ந்து 40. இரண்டையும் தனித்தனியே வட்டமாக்குகிறார்கள். 85 சதவீதம் என்று முதலில் கூட்டிவிட்டுக் கணக்குப் போட்டால் விடை பிழைக்கலாம்.

என்னிடம் 10 உயிர்ப்புள்ளிதான் இருக்கிறது, 500 அடி விழுகிறது. எதன் சதவீதம் திரும்பும்?

விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். போக்கிமொன் நல்ல பாடம்: கவுண்டர் கணக்கில் எடுப்பது உண்மையில் இழந்த உயிர்ப்புள்ளியை. 100 உயிர்ப்புள்ளி உள்ள ஒன்று, ஃபோகஸ் சாஷ் என்ற பொருளை வைத்துக்கொண்டு 300 பெறுமதியான அடியை வாங்கி 1இல் தப்பித்தால், இழந்தது 99, திரும்புவது 198. 600 இல்லை. அதன் முன்னே சப்ஸ்டிட்யூட் என்ற பொம்மை நின்று அடியை வாங்கிவிட்டால் இழப்பே இல்லை, கவுண்டர் தோற்றுப்போகும்.

இருவரும் தெறிப்புக் கவசம் அணிந்தால் அடி முடிவில்லாமல் போய்வந்துகொண்டிருக்குமா?

போகாது, போகவிடாமல் தடுத்திருப்பார்கள். டோட்டா 2இல் ஒவ்வொரு சேதத்தோடும் சில குறிகள் ஒட்டப்பட்டிருக்கும். “இது தெறித்த சேதம்” என்ற குறி இருந்தால் மற்றவரின் பிளேட் மெயில் அதைத் திரும்பிப் பார்க்காது.

தடுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அழகான கணக்கு. இருவருக்கும் 25 சதவீதம் என்றால் 400, 100, 25, 6.25 என்று பெருக்கல் விருத்தி ஒன்று உருவாகும். பொது விகிதம் ஒன்றுக்குக் குறைவு என்பதால் முடிவிலிவரை போனாலும் மொத்தம் 400ஐ 0.75ஆல் வகுத்தது, அதாவது 533 சொச்சம். பெரிய ஆபத்தில்லை. விகிதம் ஒன்றானால் யாராவது சாகும்வரை ஓடும். டையப்ளோ 2இன் 250 சதவீதத்தை அப்படி விட்டால் 400, 1000, 2500 என்று கண் சிமிட்டுவதற்குள் இருவரும் போய்ச் சேர்வார்கள்.

250 சதவீதம் என்பது பயங்கரமாக இருக்கிறதே. அப்படியானால் அந்தத் தோர்ன்ஸ் ஏன் வெல்லமுடியாத திறனாக இருக்கவில்லை?

எனக்குப் பிடித்த கேள்வி. அந்தத் திறன் ஒவ்வொரு நிலைக்கும் 40 சதவீதம் ஏறி, இருபதாம் நிலையில் 1010 சதவீதத்தைத் தொடும். அப்படியிருந்தும் பலர் அதை ஒதுக்கிவைத்தார்கள். காரணம் சதவீதத்தில் இல்லை; அடிக்கிறவரின் அடிக்கும் அவருடைய உயிர்ப்புள்ளிக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது.

இத்தகைய விளையாட்டுகளில் அரக்கர்கள் கொஞ்சமாக அடிப்பார்கள், நிறைய உயிர்ப்புள்ளி வைத்திருப்பார்கள். 60 அடிக்கிற, 6000 உயிர்ப்புள்ளி உள்ள ஓர் அரக்கனை எடுங்கள். 1010 சதவீதத்தில் ஒவ்வோர் அடிக்கும் 606 திரும்பும். அவன் விழ, நீங்கள் பத்து அடி, 600 சேதம் வாங்க வேண்டும். அதற்குள் வாளை எடுத்து நீங்களே வெட்டிவிடலாம்.

இப்போது திசையைத் திருப்புங்கள். விளையாடுபவர்கள் நேரெதிர்: நிறைய அடிப்பார்கள், உயிர்ப்புள்ளி குறைவு. அதே விளையாட்டில் அயர்ன் மெய்டன் என்ற சாபம் முதல் நிலையில் 200 சதவீதத்தை அடித்தவருக்கே திருப்பும். தோர்ன்ஸின் தொடக்கத்தைவிடக் குறைந்த எண். ஆனால் 1000 உயிர்ப்புள்ளி உள்ள வீரர், கழிவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், 500 அடித்த கணத்திலேயே சாவார். கேயாஸ் சாங்சுவரி என்ற இடத்தில் ஒப்லிவியன் நைட் என்ற அரக்கர்கள் இந்தச் சாபத்தை வீச, சுழன்று வெட்டிக்கொண்டிருந்த வீரர்கள் என்ன நடந்தது என்று தெரியாமலே விழுந்தார்கள். 2010இல் வந்த 1.13 புதுப்பிப்பில் அந்த அரக்கர்களிடம் இருந்து சாபத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இத்தனை வருடங்களாகப் பொறுத்திருந்தது ஏன் என்பது எனக்கு இன்னும் விளங்காத புதிர்.

வேகமாக அடிப்பவருக்கா, பலமாக அடிப்பவருக்கா தெறிப்பு அதிகம் வலிக்கும்?

சதவீதம் மட்டும் என்றால் இருவருக்கும் ஒன்றே. நிலையான பகுதி இருந்தால் வேகமானவருக்கு. மேலே கண்ட “20 உடன் 25 சதவீதம்” பொருளில், ஒரே அடியாக 400 கொடுத்தால் 120 திரும்பும். நூறு நூறாக நான்கு முறை கொடுத்தால் 180. நிலையான பகுதி நான்கு முறை வசூலிக்கப்படுகிறது.

தெறிப்பு, வாங்கும் அடியையும் குறைக்குமா?

இரண்டு மாதிரியும் உண்டு. விளக்கத்தில் இதைத்தான் கவனமாக வாசிக்க வேண்டும். பிளேட் மெயில் நகல் எடுக்கிறது: அடி முழுதாக உங்கள்மேலும் விழும், பங்கு அடித்தவருக்கும் போகும். டோட்டா 2இல் ஸ்பெக்டர் என்ற பாத்திரத்தின் டிஸ்பெர்ஷன் திறன் பிரித்துக் கொடுக்கிறது: அனுப்பிய பங்கு உங்கள் கணக்கில் இருந்து கழியும். 20 சதவீதம் பிரிக்கிற திறன் உங்கள் உயிர்ப்புள்ளியை ஒன்றேகால் மடங்காக்குவதற்குச் சமம், ஒன்றை 0.8ஆல் வகுத்தால் 1.25. அதே விளையாட்டின் நிக்ஸ் அசாசின் என்ற பாத்திரத்தின் ஸ்பைக்ட் கரபேஸ் திறன் இன்னும் ஒரு படி மேல். அடியையே இல்லாமல் செய்துவிட்டு, அடித்தவரைத் திகைத்து நிற்கவும் வைக்கிறது.

இரண்டு தெறிப்புகள் சேர்ந்தால் கூட்டுவதா, பெருக்குவதா?

நகல் எடுப்பவை பெரும்பாலும் கூடும். போக்கிமொனில் ஃபெரோதோர்ன் என்ற பாத்திரத்தின் அயர்ன் பார்ப்ஸ் இயல்பு, தொட்டவரின் முழு உயிர்ப்புள்ளியில் எட்டிலொரு பங்கு எடுக்கும். அதன் கையில் ராக்கி ஹெல்மெட்டும் கொடுத்தால் ஆறிலொரு பங்கும் சேர்ந்து 24இல் 7. மூன்று முறை தொட்டவரிடம் எட்டிலொரு பங்கு மிஞ்சும். நான்காவது முறை தொடமாட்டார். தொட்டால் அதுவே கடைசி. பிரித்துக் கொடுப்பவை இரண்டு சேர்ந்தால், 30உம் 20உம் 50 ஆகலாம், அல்லது மிஞ்சிய எழுபதில் இருபது சதவீதமாக எடுத்து 44 ஆகலாம். அளந்துதான் அறிய வேண்டும்.

தெறித்த சேதத்தில் இருந்து உயிர் உறிஞ்சலாமா?

டோட்டா 2இல் முடியாது. மந்திரப் பெருக்கமும் அதில் சேராது. மற்றவற்றில் சோதியுங்கள்.

ஒவ்வோர் அடிக்கும் தெறிக்காமல், வாய்ப்பு விழுந்தால் மட்டும் தெறித்தால்?

அப்போது பொறுமைதான் கருவி. மைன்கிராஃப்டில் தோர்ன்ஸ் ஒவ்வொரு நிலைக்கும் 15 சதவீத வாய்ப்பு. மூன்றாம் நிலையில் 45. அந்த எண் தெரியாது என்று வைத்துக்கொண்டு அளக்கப் போனால், நூறு அடி அடித்துப் பார்த்தவருக்கு 36 தெறிப்பும் வரலாம், 54உம் வரலாம். நியம விலகல் ஏறத்தாழ 5. ஆகவே நூறு அடியை வைத்து “இது 40 சதவீதம், 45 இல்லை” என்று அடித்துச் சொல்ல முடியாது. நானூறு அடி அடித்தால் தடுமாற்றம் பாதியாகும். நான்கு மடங்கு உழைப்புக்கு இரண்டு மடங்கு துல்லியம். இந்த வியாபாரத்தில் சலுகை கிடையாது.

கொழும்பில் இருந்து சிங்கப்பூர் சேர்வரில் விளையாடுகிறேன். பிங் (சேர்வருக்குச் செய்தி போய்வரும் நேரம்) கூடினால் தெறிப்புக் கணக்கு மாறுமா?

கணக்கு மாறாது. டோட்டா 2 போன்ற விளையாட்டுகளில் அடியும் தெறிப்பும் சேர்வரிலேயே கணிக்கப்படுகின்றன. உங்கள் கணினி முடிவை வரைந்து காட்டுகிறது. மாறுவது நேரம். பிளேட் மெயில் போல விசையை அழுத்தித் தொடக்க வேண்டிய பொருட்களில், நீங்கள் அழுத்திய செய்தி அங்கே போய்ச் சேர்வதற்குள் விழுந்த அடிகளுக்கு அழுத்துவதால் வரும் தெறிப்பு இல்லை.

கொழும்பில் இருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர 27 மில்லிசெக்கன்; எந்தக் கண்ணாடி இழை இணைப்பை வாங்கினாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. கேபிள் வளைந்து போவதாலும் இடையில் உள்ள கருவிகளாலும் நடைமுறையில் இன்னும் கூடும். எனவே உங்கள் பதிவில் முதல் அடிக்கு மட்டும் தெறிப்பு வரவில்லை என்றால் சூத்திரத்தைச் சந்தேகிக்காதீர்கள். அளக்கும்போது பொருளைத் தொடக்கிவிட்டு, ஒரு செக்கன் பொறுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு கணக்குப் போட்டால் அது விளையாட்டா?

எனக்கு அதுதான் விளையாட்டு. தோற்ற பிறகு கூட்டாளியைத் திட்டுவது சிலருக்கு விளையாட்டாக இருக்கிறது. அதைவிட இது மலிவு.

நான் கண்டுபிடித்த சூத்திரம் இன்று பொருந்தவில்லை. என்ன செய்வது?

புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறியிருந்தால் சிரமமில்லை. படித்திறனை மறுபடி அளந்தால் போதும். சூத்திரத்தின் வடிவமே மாறுவதும் உண்டு. தோர்ன்மெயில் ஒருகாலத்தில் வந்த அடியின் சதவீதத்தைத் திருப்பியது. பின்னர் அடியின் அளவைக் கைவிட்டு, நிலையான அளவோடு அணிந்தவரின் மேலதிகக் கவசத்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் திருப்பத் தொடங்கியது. பழைய சூத்திரத்தில் புதிய எண்களைத் திணித்துக்கொண்டிருப்பவர் எவ்வளவு அளந்தாலும் கோடு மட்டமாகவே நிற்கும். ஆகவே அட்டவணையின் மேல் வரிசையில் விளையாட்டின் பதிப்பு இலக்கத்தையும் திகதியையும் எழுதுங்கள். பொருந்தாத நாளில் முதலில் இரண்டே அளவீடுகள்: அடியை இரட்டிப்பாக்கி ஒன்று, எதிரியின் கவசத்தை இரட்டிப்பாக்கி ஒன்று. எது அசைகிறது என்று தெரிந்த பிறகு மிச்சத்தைத் தொடங்கலாம்.